அம்மாவின் கை விறைப்பும் ஓர் இறப்பர் முத்திரையும்

எழுபது வயதைக் கடந்த என் தாயார், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் காலமெல்லாம் கொழுந்து பறித்தவர். வலக்கையின் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் விறைத்து அவரை உறங்கவிடாமல் செய்தபோது, தோட்டத்து டிஸ்பென்சரியில் “வயசுக்கு அப்படித்தான் இருக்கும்” என்று தைலமும் விற்றமின் வில்லைகளும் கொடுத்தனுப்பினார்கள். சுண்டுவிரலில் விறைப்பு உண்டா என்று எவரும் கேட்கவில்லை. அது மட்டும் தப்பியிருந்தால், மணிக்கட்டின் நடு நரம்பு நசுங்கியிருக்கலாம் என்று ஐயுற வேண்டும். அந்த அலட்சியத்தில் போன காலத்துக்குள் பெருவிரலின் அடிச்சதை வற்றிக் குழிவிழுந்துவிட்டது என்பதுதான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது.

கண்டியில் சத்திரசிகிச்சை நிபுணர் கையைத் தொட்டுப் பார்த்ததுமே அந்த நரம்பு நசுங்கும் நோய்தான் (கார்பல் டனல்) என்று சொல்லி, நரம்பில் மின்துடிப்பு ஓடும் வேகத்தை அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனைக்குக் கடிதம் தந்தார். விடியுமுன் பஸ் ஏறிப் பரிசோதனைக்குப் போனால், கடிதத்தில் கையொப்பம் இருக்கிறது, இறப்பர் முத்திரை இல்லை என்று நிமிர்ந்துகூடப் பாராமல் எழுதுவினைஞர் திருப்பித் தந்தார். நிபுணரின் கிளினிக் அன்று இல்லாததால், அம்மாவை அழைத்துக்கொண்டு வெறுங்கையோடு மலையேற வேண்டியதாயிற்று. ஆகவே, கிளினிக்கை விட்டு வெளியேறுமுன் கையொப்பம், முத்திரை, திகதி ஆகியவற்றோடு, பெயர் அடையாள அட்டையில் உள்ளவாறே எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். தோட்டத்து முதியோருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயரும் இருப்பது நமக்குப் புதிதன்று.

மறுமுறை வேறொன்று காத்திருந்தது. குளிர்ந்த கையில் நரம்பின் வேகம் இயல்பாகவே குறைந்து, முடிவு பிழையாக வரக்கூடும். பரிசோதகர் அம்மாவின் கைகளை வெந்நீரில் வைத்துச் சூடேற்றிய பின்பே மின்முனைகளை ஒட்டினார். மலைநாட்டிலிருந்து காலையில் புறப்படுபவர்கள் கம்பளிக் கையுறை அணிவித்தே முதியோரை அழைத்துச் செல்லுங்கள்.

சத்திரசிகிச்சை மிகச் சுலபமாக முடிந்தது. கையை மட்டும் மரக்கச் செய்து, உள்ளங்கையின் அடியில் சிறியதொரு வெட்டின் வழியே நரம்பை அழுத்திய இணைப்பு நாரை அறுத்துவிட்டார்கள். முழு மயக்கம் தேவைப்படாததால், சர்க்கரை நோயுள்ள அம்மாவைப் பற்றிய அச்சம் பாதி அகன்றது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல், நிபுணரிடம் முன்பே கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்தபின் கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து விரல்களை அசைக்கச் செய்தோம். ஓயாத மழையில் கட்டு நனையாமலிருக்க, வெளியே போகும்போதெல்லாம் பொலித்தீன் பையைச் சுற்றினோம்.

இரவு விறைப்பு உடனே நின்றுவிட்டது. தையல் பிரித்துச் சில வாரங்களில், சேலைக்குத் தாமே ஊசி குத்திக்கொண்டார். வற்றிய சதை மட்டும் இன்னும் நிரம்பவில்லை. நாட்பட்ட அழுத்தத்தில், அதுவும் இந்த வயதில், அது முழுமையாகத் திரும்பாமலும் போகலாம் என்று நிபுணர் முன்னமே சொல்லியிருந்தார். இடக்கையிலும் விறைப்பு தொடங்கியிருப்பதால், சதை வற்றுமுன்பே அதற்கும் திகதி வாங்கிவிட்டோம்.