மாடியில் இருக்கும் சன் கனூர்களைப் பதிவு செய்த அனுபவம்

கொளத்தூர், வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் மொட்டை மாடியில் சன் கனூர் மாதிரி வெளிநாட்டுக் கிளி வளர்க்கிற பசங்க என்னிடம் கேட்பது ஒன்றுதான். "ணா, பதிஞ்சா ஃபாரஸ்ட்காரங்க வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்களாமே?" தூக்கவில்லை. வந்தார்கள், பறவைகளை எண்ணினார்கள், காலில் போட்ட ரிங்கின் நம்பரைக் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தார்கள், டீ கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சான்று அப்புறம் ஆன்லைனிலேயே வந்தது. இடையில் பட்ட பாடு எல்லாம் காகிதத்தோடுதான், அதிகாரிகளோடு இல்லை.

விஷயம் இதுதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தினார்கள், 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. சைட்டிஸ் என்கிற, அழியும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கும் வெளிநாட்டு உயிரினங்களையும் அதில் நான்காம் அட்டவணையாகச் சேர்த்துவிட்டார்கள். 2024 பிப்ரவரி 28-ல் பதிவு விதிகள் வந்தன, ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் வழக்கம்போல ஆகஸ்ட் பிறந்த பிறகுதான் பதிவு செய்கிற அரசு இணையதளமான பரிவேஷைத் திறந்தார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்தால்தான் அது கொஞ்சம் வேகமாக நகர்ந்தது. போட்டோ ஏற்றும் இடத்தில் சுற்றிக்கொண்டே நிற்கும், விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

எதைப் பதிய வேண்டும், எதை வேண்டாம் என்பதில்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். நாம் லவ் பேர்ட்ஸ் என்று கூண்டில் வைத்திருக்கும் பட்ஜி, காக்டெயில், பீச் முகம் கொண்ட ஆப்பிரிக்க லவ் பேர்ட், இந்த மூன்றும் சைட்டிஸில் இல்லை, பதிவும் தேவையில்லை. ஆனால் ஃபிஷர், மாஸ்க்டு என்று கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு வருகிற லவ் பேர்ட் பட்டியலில் உண்டு. சன் கனூர், மக்காவ், காக்கட்டூ எல்லாம் உண்டு. புறா விடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது, ஹோமர், கர்ணம் என்கிற புறா வகைகள் எல்லாம் வளர்ப்பு இனம். நம்ம ஊர்ப் பச்சைக்கிளி கதை வேறு. அதைப் பதியவும் முடியாது, வளர்க்கவும் கூடாது, அது காட்டுப் பறவை. இதைச் சொன்னால் தெருவில் பாதிப் பேருக்குக் கோபம் வருகிறது. "ஆப்பிரிக்கா கிளிய வெச்சுக்கலாம், நம்ம கிளிய வெச்சுக்கக் கூடாதா?" ஆமாம், கூடாது. இங்கே விற்கிற பச்சைக்கிளியை யாரும் வீட்டில் பொரிக்க வைப்பதில்லை, மரப்பொந்திலிருந்து குஞ்சைத் திருடித்தான் கொண்டு வருகிறார்கள்.

எனக்கு இழுத்தடித்தது, பறவை எங்கிருந்து வந்தது என்று காட்டுவதுதான். கடையில் வாங்கிய ஜோடிக்கு பில் கேட்டால் கடைக்காரர் என்னவோ நான் அவர் சொத்தில் பங்கு கேட்ட மாதிரி பார்த்தார். கடைசியில் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், டிஎன்ஏ பரிசோதனைச் சீட்டு (சன் கனூரில் ஆண் பெண் பார்த்துச் சொல்ல முடியாது, இறகு அனுப்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்), நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி, இவற்றை வைத்துத்தான் ஒப்பேற்றினேன். எதிர்வீட்டு அண்ணன் மட்டும் கவலையில்லாமல் இருந்தார். 2020 ஜூனில் மத்திய அரசு, வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பதை ஆறு மாதத்துக்குள் தானாக முன்வந்து சொன்னால் காகிதம் கேட்க மாட்டோம் என்று அறிவித்ததே, அப்போதே அவர் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவரை எல்லோரும் கிண்டல் பண்ணினார்கள்.

என் மாடியிலேயே பொரித்த குஞ்சுகளுக்கு இந்தக் கஷ்டமே இல்லை, காரணம் ரிங். மூடிய ரிங்கைக் குஞ்சுக்கு இரண்டு வாரம் ஆகும் சமயத்தில் போட்டாக வேண்டும், அப்புறம் கால் பெருத்துவிடும். கிளிக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு. முன் விரல் இரண்டையும் பின்பக்க நீள விரலையும் சேர்த்துப் பிடித்து ரிங்கை நுழைத்து மேலே தள்ள வேண்டும். சின்ன விரல் மட்டும் காலோடு ஒட்டி ரிங்குக்குள் மாட்டிக்கொள்ளும், அதைப் பல்குச்சியால் மெதுவாக வெளியே எடுத்துவிட வேண்டும். எண்ணெய் ஒரு பொட்டு தொட்டால் சுலபம். இப்படிப் போட்ட ரிங் வளர்ந்த பறவைக்கு ஏறாது, கழற்றவும் வராது. அதனால்தான் இது கூண்டில் பிறந்தது என்பதற்குச் சாட்சியாக நிற்கிறது. சன் கனூரின் சொந்த ஊரான கயானா, வட பிரேசில் பக்கம் பிடித்துப் பிடித்து விற்றே அழிவின் விளிம்புக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். இங்கே மாடிக்கு மாடி கத்திக்கொண்டிருக்கிறது, அங்கே தேட வேண்டியிருக்கிறது. அதை நினைத்தால் இந்த ரிங், பதிவு எல்லாம் வீண் வேலையாகத் தோன்றவில்லை.

ஆப்பிரிக்கன் கிரே வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2017 முதல் அது சைட்டிஸின் முதல் பட்டியலில், அதாவது கட்டுப்பாடு மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது, அதனால் இனப்பெருக்கம் செய்யப் பதிவு மட்டும் போதாது, தனியாக உரிமம் வாங்க வேண்டும். எனக்கு அந்த ஆசை இல்லை.

பதிந்ததோடு வேலை முடியவில்லை. குஞ்சு பொரித்தாலும் தெரிவிக்க வேண்டும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும், கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். பெட்டை ஒன்று முட்டை அடைத்துச் செத்தபோது வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சீட்டு வாங்கி வைத்தேன். கூண்டுப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது, முட்டை இட்ட தேதி, பொரித்த தேதி, ரிங் நம்பர், அவ்வளவுதான் எழுதுகிறேன். மாடியில் உட்கார்ந்து எழுத இரண்டு நிமிடம் ஆகாது.

போன வாரம் திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி ஜோடி கேட்டு வந்தான். கையில் காசு, வண்டியில் கூண்டு, எல்லாம் தயார். பரிவேஷில் கணக்கு இருக்கா என்றேன். "நீங்க குடுங்கணா, நான் அப்புறமா பாத்துக்கறேன்." என் பெயரில் இருக்கிற பறவை உன் வீட்டில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நான் என்று சொல்லி, அங்கேயே போனில் கணக்கு ஆரம்பிக்க வைத்தேன். ஓடிபி வரவில்லை. காசை வாங்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.