காலை 1

மூன்று மாதத்தில் இரண்டாவது முறையாக வந்திருந்தார் அந்த ஆயா. இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் ரத்தத்தைச் சரியாகத் தள்ளாமல் உடம்பில் நீர் தேங்கும் நோய். மூச்சு வாங்கியது. காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தேன். பிரஷர் மாத்திரை கணக்காகத் தீர்ந்திருந்தது. தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரை மட்டும் அட்டை பிரிக்காமல் கிடந்தது.

"ஏன் ஆயா இதைப் போடல?" என்று கத்திவிட்டேன். வடசென்னையில் பதினோரு வருட நர்ஸ் வேலை, கத்துவது பழகிவிட்டது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "காலையில போட்டா நாலஞ்சு தபா வருது சிஸ்டர். கூடையை வெச்சிட்டு எங்க போறது?"

சீட்டில் நாங்கள் எழுதுவது 'காலை 1'. ராத்திரித் தூக்கம் கெடக்கூடாதே என்றுதான். ஃபுரோசமைடு என்ற இந்த நீர் மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும், ஆறு மணி நேரம் வரை விடாது. வீட்டுக்குள் கழிவறை இருப்பவருக்குச் சரி.

ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்: அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு வெள்ளையரைவிட இளவயதிலேயே இதயச் செயலிழப்பு வருகிறது. ஹைட்ரலசீனும் ஐசோசார்பைடு டைநைட்ரேட்டும் சேர்ந்த மாத்திரைக்கு 2005இல் அவர்களுக்கென்றே அங்கே அனுமதி கிடைத்தது. பலன் இருந்தும், தேவைப்பட்ட பலருக்கு அதை யாரும் எழுதித் தரவே இல்லையாம். எங்களிடம் அந்தக் குறை இல்லை. மாத்திரை இலவசமாகவே கைக்கு வந்துவிடுகிறது. வாய்க்குப் போகத்தான் வழியில்லை.

டாக்டரிடம் பேசி 'மதியம் 2 மணி' என்று மாற்றினோம். வியாபாரம் முடிந்து வீடு திரும்பும் நேரம். தெருமுனைப் பொதுக் கழிப்பறையிலும் அப்போது கூட்டம் இருக்காது. உப்பைப் பற்றியும் பேசினேன். சோற்றில் உப்பே போடுவதில்லை என்று சத்தியம் செய்தார். கருவாட்டை அவர் உப்புக் கணக்கில் சேர்க்கவே இல்லை! அதில் பாதி தோல்விதான், வாரம் ஒருநாள் என்று பேரம் முடிந்தது.

எடைதான் சிக்கல். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம், உடனே வர வேண்டும். ஆனால் வீட்டில் மெஷின் ஏது?

அடுத்த மாதம் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் பேரன் கையெழுத்தில் எண்கள் வரிசையாக இருந்தன. 54, 53.5, 53.

"எங்க பார்த்தீங்க ஆயா?"

"நம்ம காயலான்கடைத் தராசுலதான். பழைய இரும்பு நிறுக்கிறதுக்கு முன்னாடி என்னை நிறுத்துடுவான்."