புளியரையிலிருந்து ஒரு கேள்வி

"சித்தி, ஜெர்மனியில சட்டம் படிச்சா ஜட்ஜ் ஆகலாமா?" பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள், செங்கோட்டை பக்கத்துப் புளியரையிலிருந்து போனில் கேட்டாள்.

ஆகலாம், ஆனால் அதற்கு அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். வக்கீலாக அது தேவையில்லை. பாதைதான் நீளம். கிட்டத்தட்ட ஐந்து வருடம் படித்து முதல் அரசுத் தேர்வு. அப்புறம் நீதிமன்றம், அரசு வழக்கறிஞர் அலுவலகம், வக்கீல் அலுவலகம் என்று இரண்டு வருடப் பயிற்சி. பிறகு இரண்டாம் அரசுத் தேர்வு. மதிப்பெண் 18-க்கு, 9 வாங்கினாலே மரியாதை.

நான் போனது வேறு வழி. திருநெல்வேலியில் பி.எல். முடித்து, ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் எல்.எல்.எம். என்ற சட்ட மேற்படிப்பு. அந்தப் பட்டத்தை மட்டும் வைத்து அங்கே வக்கீலாக முடியாது. இன்று கொச்சியில் ஜெர்மன் ஒப்பந்தங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன்.

ஆனால் அங்கே கற்ற ஒரு கேள்வியை விடவே மாட்டேன்: யார், யாரிடம், எதை, எந்தச் சட்டப்பிரிவின்படி கேட்கிறார்? அதற்கு விடை எழுதாமல் அடுத்த வரிக்குப் போக விடமாட்டார்கள்.

போன மாதம் தாத்தாவின் நிலப் பத்திரத்தைப் பிரித்தேன். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்ததால் மலையாளத்தில் எழுதியது. அதையும் இந்தக் கேள்வியோடுதான் வரி வரியாகப் படித்தேன். வரப்புத் தகராறு என்ன என்பது அப்போதுதான் எனக்கே தெளிவானது.

அவளிடம் சொன்னேன்: "சரி, முதல்ல ஜெர்மன் மொழியை ஆரம்பி. உனக்குப் புத்தகம் அனுப்புறேன்."