8 ஜிபி போதுமா மாமா?

தங்கச்சி மகன் ஆண்ட்ராய்டு டெவலப்பராகச் சேர்ந்திருக்கிறான். லேப்டாப் வாங்க ஒரு லிங்க் அனுப்பினான். 8 ஜிபி ரேம், கேம் ஆடுகிற கிராஃபிக்ஸ் கார்டு, கலர் கலராக மின்னும் கீபோர்டு. அடேய், ஆப் எழுதுகிற ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவைத் திறந்து, ஆப்பைச் சோதிக்கக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போலி போனாக ஓடும் எமுலேட்டரையும் ஓட்டி, பக்கத்தில் குரோமில் பத்து டேப் வைத்தால் 8 ஜிபி மூச்சு வாங்கும் என்றேன்.

நான் பட்ட பாடு அப்படி. ரேமை போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒன்றை வாங்கி, பிறகு ரேம் கூட்டலாம் என்று சென்னை ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனால், கடைக்காரர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் திரும்ப மாட்டினார். "ஸ்லாட்டே இல்ல சார்."

ஆப்பிளே 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் ஆரம்ப ரேமை 8-லிருந்து 16 ஜிபி ஆக்கிவிட்டது. அதனால் குறைந்தது 16, டாக்கர் (புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளில் வைத்து ஓட்டும் மென்பொருள்) நிறைய ஓட்டினால் 32, இல்லையென்றால் காலி ஸ்லாட்டாவது வேண்டும். ஃபைல்களைச் சேமிக்கிற எஸ்எஸ்டி 512 ஜிபி. ஆப் எழுத கிராஃபிக்ஸ் கார்டு எதற்கு, அந்தக் காசை ரேமில் போடு. அப்புறம் கடைக்கே போய்ப் பத்து நிமிஷம் டைப் அடித்துப் பார்.

எல்லாம் கேட்டுவிட்டு, "சரி மாமா, ஆனா கீபோர்டுல லைட் வேணும்" என்கிறான்.