வால் எத்தனை மணிக்கு ஆடும்?

மாசியில் ஒரு மாட்டுக்கு ஒரே இரவில் இரண்டு முறை, கன்று போட்டபின் வெளியே வந்துவிட்ட கருப்பையை உள்ளே தள்ளினேன். மாடு முக்காமல் இருக்க வால் முதுகெலும்பில், தண்டுவட உறைக்கு வெளியே போடும் எபிடூரல் ஊசியில் லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து மட்டும் கொடுத்திருந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் மரப்பு விட்டது. மாடு முக்கிய முக்கலில் தையல் பிய்ந்தது. லிக்னோகெய்னுடன், மாட்டை அமைதிப்படுத்தி வலியும் குறைக்கும் சைலசின் சேர்க்கலாம் என்று கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தது அப்போதுதான் உறைத்தது. முன்னது ஐந்து நிமிடத்தில் பிடிக்கும், சீக்கிரம் ஓயும். பின்னது பிடிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், ஆனால் நெடுநேரம் நிற்கும். சேர்த்தால் உடனே பிடித்து நான்கைந்து மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

போன வாரம் அதற்கு வேலை வந்தது. ஜெர்சி கலப்பினம், மூன்றாம் ஈற்று. கன்று விழுந்த சற்று நேரத்தில் கருப்பை முழுவதும் வெளியே. அதை நனைத்த வேட்டியில் ஏந்தியபடி பாட்டியும் பேரனும் நின்றிருந்தார்கள். முதலில் கால்சியத்தை இரத்த நாளத்தில் மெதுவாக ஏற்றினேன். சைலசினும் இதயத் துடிப்பைக் குறைக்கும் என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கத் துணிவில்லை.

எடையைக் கண்மதிப்பில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. நெஞ்சுச் சுற்று 66 அங்குலம், உடல் நீளம் 54. சுற்றைச் சுற்றால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 356 கிலோ. கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கணக்கில் இரண்டு சதவீத லிக்னோகெய்ன் மூன்றரை மில்லி. சைலசின் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், ஆக மொத்தம் சுமார் 18 மில்லிகிராம். இங்கேதான் கை நின்றது. சைலசின் மில்லிக்கு 20 மில்லிகிராமாகவும் வரும், 100 மில்லிகிராமாகவும் வரும். குதிரைக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். புள்ளி இடம் மாறினால் மாடு எழாது. குப்பியை உதவியாளரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். "இருபதுதான் சார்," என்றார். 0.9 மில்லி எடுத்தேன்.

வாலை ஏற்றி இறக்கி, அசையும் முதல் மூட்டைத் தடவிக் கண்டுபிடித்து, முடி மழித்துச் சுத்தம் செய்து ஊசியை இறக்கினேன். ஊசித் தலையில் ஒரு சொட்டு மருந்து விட்டேன். சொட்டு சட்டென்று உள்ளே போனது. சரியான இடம். மருந்தும் தடையில்லாமல் இறங்கியது. ஐந்தாவது நிமிடம் வால் கயிறாகத் தொங்கியது, முக்கல் நின்றது. சர்க்கரை தூவி வீக்கம் வடியவிட்டு, முஷ்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினோம். இந்த முறை எதிர்த்துத் தள்ளும் மாடு இல்லை.

தையல் போட்டு முடித்த நேரத்தில் மாட்டின் தலை தாழ்ந்தது, எச்சில் ஒழுகியது, பின்னங்கால் தள்ளாடிப் படுத்துவிட்டது. "என்ன தம்பி, சாகடித்துவிட்டாயா?" என்றார் பாட்டி. சைலசின் தரும் அரைமயக்கம்தான் என்று சொன்னேன். என் நெஞ்சும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. வயிறு உப்பாமல் இருக்க, நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி இருபுறமும் வைக்கோல் மூட்டையை அண்டைக் கொடுத்தோம். மாடு இப்படிப் படுக்கலாம் என்பதை ஊசி போடும் முன்பே பாட்டியிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஊசி போட்டது மாலை 5.10. இரவு 9.50-க்குத் தொலைபேசியில் பேரன்: "சார், வாலால் கொசு ஓட்டுகிறது. முக்கவில்லை. கன்றை விடலாமா?"