கார்விங் பிளாக் விற்பனை: சரக்கு எடுப்பது முதல் பார்சல் வரை

கையால் ரப்பர் ஸ்டாம்ப் செதுக்குகிறவர்கள் கடையில் கேட்பது முக்கியமாக நான்கே சாமான்: பிளாக் (செதுக்குவதற்கான ரப்பர் போன்ற மென்மையான கட்டி), லினோ கட்டர் (பள்ளம் பறிக்கும் முனைகள் கொண்ட கருவி), முனைக்கத்தி, இங்க் பேடு. பின்னது மூன்றையும் வாங்கியபடியே விற்றுவிடலாம். லாப நட்டம் பிளாக்கில்தான் இருக்கிறது.

சந்தையில் கிடைக்கும் மென்மையான பிளாக் பெரும்பாலும் பிவிசி. தண்ணீர்க் குழாய் செய்யும் அதே பிவிசியில் எண்ணெய் போன்ற பிளாஸ்டிசைசரைக் கலந்து இளக்கியிருப்பார்கள். அந்த எண்ணெய் உள்ளேயே அடங்கி இருக்காது. தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குள் மெல்ல ஊறிப் போகும். பென்சில் பாக்ஸில் அழிரப்பர் ஒட்டி, பிளாஸ்டிக்கைக் குழி பறித்திருப்பதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். இந்தத் தொழிலில் வரும் புகார்களில் பாதிக்கு மூலம் அந்த எண்ணெய்தான்.

சப்ளையரிடம் சாம்பிள் வாங்கியதும் நாங்கள் பார்ப்பது இவ்வளவு. பிளாக்கின் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் அகலத் துண்டு நறுக்கி, இரு முனையும் தொடும்படி மடக்குவோம். வெளி வளைவில் விரிசல் விட்டால் அதில் சுண்ணாம்புத் தூள் மாதிரியான நிரப்பி அதிகம்; செதுக்கும்போது மெல்லிய கோடுகள் உதிரும். அடுத்து லினோ கட்டரின் வி வடிவ முனையால் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு பள்ளம் இழுக்க வேண்டும். நடுவில் நிற்கும் கோடு கட்டைவிரலால் தேய்த்தாலும் அறுந்து விழக் கூடாது. கடைசியாக, பழைய சிடி பெட்டியின் மூடிமேல் பிளாக்கை வைத்து, மேலே ஒரு கனமான புத்தகத்தை ஏற்றி ஒரு வாரம் விடுங்கள். சிடி பெட்டி பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். எண்ணெய் கசியும் பிளாக்காக இருந்தால் மூடி மங்கி ஒட்டிக்கொள்ளும். பிவிசி எதுவானாலும் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். பிய்த்து எடுக்க வேண்டிய அளவுக்கு ஒட்டினால் அந்தச் சரக்கை எடுக்காதீர்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

பெரிய ஷீட்டாக வாங்கி வெட்டி விற்பதில்தான் லாபம். 30 × 20 சென்டிமீட்டர் ஷீட்டில் 15 × 10 அளவில் நான்கு கிடைக்கும். வெட்டுவதற்குப் பேப்பர் கட்டிங் மிஷினை நம்ப வேண்டாம். மென்மையான பொருள் அழுத்தத்தில் பிதுங்கி, மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் அளவு மாறிப்போகும். இரும்பு ஸ்கேல், 18 மில்லிமீட்டர் பிளேடு போட்ட கட்டர், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி ஆகியவை போதும். ஒவ்வொரு இழுப்புக்கும் முன் பிளேடைத் துணியில் துடைத்துக்கொண்டால் பிளாக் பிளேடைப் பிடித்து இழுக்காது. ஒரே அழுத்தில் அறுக்காமல் ஒரே கோட்டில் இரண்டு மூன்று இழுப்பாக அறுத்தால் பக்கவாட்டு நேராக நிற்கும். விலை போடும்போது வெட்டுக்கழிவையும் ஓரம் சிதைந்த துண்டுகளையும் சேர்த்து பத்து சதவீதம் ஒதுக்கிவிடுங்கள்.

அடுக்கி வைப்பது தனி வித்தை. செய்தித்தாளில் சுற்றினால் அச்சு மை பிளாக்கில் இறங்கிவிடும். பபிள் ராப்பை நேரடியாகச் சுற்றினால் கோடை நாளில் குமிழ்கள் மேல்பரப்பில் பதிந்து, ஸ்டாம்ப் போடும்போது வட்டம் வட்டமாகத் தெரியும். பட்டர் பேப்பர் ஒரு சுற்று, அதன்மேல் பாலிப்ரொப்பிலீன் கவர், பிறகு இரண்டு பக்கமும் அட்டை, அதற்கு வெளியேதான் பபிள் ராப். பளபளப்பான, விறைப்பான பிளாஸ்டிக் டப்பாவில் பிளாக்கும் கட்டரும் சேர்த்துக் கிட்டாகப் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது பாலிஸ்டைரீனாக இருந்தால் உள்ளே பிளாக்கும் டப்பாவும் ஒன்றாகிவிடும். லினோ கட்டரின் பிளாஸ்டிக் பிடிக்கும் இதே கதிதான், ஆகவே பிடியைத் தனிக் காகித உறையில் போட வேண்டும். பத்துக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது நசுங்கும். மொட்டை மாடி அறை, ஜன்னலோரம் இரண்டும் ஆகாது.

கட்டர் செட்டில் ஐந்து முனை கொடுப்பது வழக்கம் என்றாலும் புதிதாகச் செதுக்குகிறவர் தொடுவது இரண்டைத்தான்: கோடு இழுக்க மிகச் சிறிய வி, பின்புலத்தைச் சுத்தம் செய்ய அகலமான யு. மலிவு செட்டுகளில் வி முனையின் அடி மழுங்கி, யு போலவே இருக்கும். ஒவ்வொரு செட்டையும் துண்டு பிளாக்கில் ஒருமுறை இழுத்துப் பார்த்து அனுப்பினால் திரும்பி வருவது கணிசமாகக் குறையும். முனைக்கத்தி என்றால் 30 டிகிரி பிளேடு. நுணுக்கமான மூலைகளுக்கு 45 டிகிரி பருமன்.

இங்க் பேடில் ஆபீஸ் பேடையும் பிக்மென்ட் (நிறத்துகள் கலந்த மை) பேடையும் பிரித்துச் சொல்லி விற்க வேண்டும். ஆபீஸ் பேடு கையால் செய்த காகிதத்தில் கசிந்து பரவும். பிக்மென்ட் மை மேலேயே நிற்கும், கோடு கூர்மையாக வரும், ஆனால் வழவழப்பான அட்டையில் காய நேரம் பிடிக்கும். துணிக்கென்று உள்ள மையை இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கினால்தான் துவைத்தாலும் நிற்கும்.

முதல் ஸ்டாம்ப் திட்டுத் திட்டாக விழுகிறது என்று வரும் புகாருக்குக் காரணம் பெரும்பாலும் பிளாக்கின் மேல் இருக்கும் பவுடரும் எண்ணெய்ப் படலமும். சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, அழிரப்பரால் லேசாகத் தேய்த்தால் சரியாகிவிடும். இதை ஒரு துண்டுச்சீட்டில் அச்சடித்து ஒவ்வொரு பார்சலிலும் போடுவது, வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் விளக்குவதைவிட மேல். அதே சீட்டில் இன்னும் ஐந்து விஷயம் இருக்க வேண்டும். படத்தை 2பி பென்சிலால் ட்ரேசிங் பேப்பரில் வரைந்து, கவிழ்த்துத் தேய்த்தால் தானாகவே இடம் வலம் மாறிப் பதியும், எழுத்தைத் தலைகீழாக எழுதித் தவிக்க வேண்டாம். கத்தியைக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்து வெட்ட வேண்டும், கோட்டின் அடி அகலமாக இருந்தால்தான் அழுத்தத்தில் மடங்காது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் போதும். வளைவுகளில் கத்தியை அல்ல, பிளாக்கைத் திருப்ப வேண்டும். துடைக்கத் தண்ணீரும் சோப்பும்தான். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டால் மேல்தோல் இளகிப் பிசுபிசுக்கும்.

சீட்டிலும் லேபிளிலும் தடித்த எழுத்தில் இருக்க வேண்டிய வரி ஒன்று உண்டு: லேசர் மிஷினுக்கு ஆகாது. சீல் கடைக்காரர்கள் சிலர் இதை லேசர் ரப்பர் என்று நினைத்துக் கேட்பார்கள். பிவிசியை லேசரில் எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஆளுக்கும் கேடு, மிஷினின் உலோகப் பாகங்களும் அரிக்கும். விற்பனை போனாலும் பரவாயில்லை, அவர்களை லேசர் ரப்பர் விற்பவரிடம் அனுப்பிவிடுங்கள்.

கூரியர் கணக்கு கிட்டின் அளவையே தீர்மானிக்கும். 15 × 10 அளவில் ஒரு சென்டிமீட்டர் தடிமன் பிளாக் சுமார் 200 கிராம். இரண்டு பிளாக், ஒரு கட்டர், அட்டைப்பெட்டி என்று போட்டால் கூரியர் கட்டணத்தின் 500 கிராம் வரம்பை ஒட்டி நிற்கும். மூன்றாவது பிளாக் அடுத்த வரம்புக்குத் தள்ளிவிடும். பெரிய பெட்டி என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து எடை போடுகிற கூரியர்கள் பல, ஆகவே பெட்டி பொருளுக்கு ஒட்டியதாக இருக்கட்டும். முனைகளும் பிளேடும் பெட்டியைக் குத்தி வெளியே வராமல் இருக்க, வெட்டுத் துண்டு பிளாக்கில் குத்தி, காகிதத்தில் சுற்றி அனுப்புகிறோம்.

காகித வேலை: தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. சொந்த வெப்சைட்டில் பெங்களூருக்கு ஒரு பிளாக் விற்றாலும் அது வெளிமாநில விற்பனை, பதிவு வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் அழிரப்பருக்கு வரி இல்லை என்பதால் பிளாக்கையும் அழிரப்பர் என்று பில் போடும் யோசனை பலருக்கு வரும். அழிக்க உதவாத, செதுக்கவே விற்கும் பிவிசி பொருளை அந்தத் தலைப்பில் ஏற்றுவது ஆபத்து. எந்த எச்எஸ்என் எண் (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் குறியீடு) என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாக இறக்குவதானால் ஐஇசி எண் (இறக்குமதி, ஏற்றுமதி செய்வோருக்கான குறியீடு) வேண்டும். ஷீட்டை வெட்டிக் கவரில் போட்ட நிமிடமே நீங்கள்தான் பேக் செய்தவர். 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி பெயர், முகவரி, அளவு, தயாரித்த மாதம், வருடம், எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி, புகாருக்குத் தொடர்பு எண் கவர்மேல் இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கென்றால் எந்த நாடு என்பதும்.

மிச்சமாகும் ஓரத் துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் அகலம் உள்ளதைத் தனியாகப் பிரித்து, கால் கிலோ பயிற்சிப் பொட்டலமாக விற்கலாம். பள்ளி ஓவிய ஆசிரியர்கள் இதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். அதைவிடச் சிறியது பிளேடு குத்த உதவும்.