ஒன்பது மணி மாத்திரை

மார்ச் 4
பாப்பாவுக்கு ஏழு வாரம். அலமாரியை ஒழித்தபோது, கருவுறுவதற்கு முன்பு நான் சாப்பிட்டுவந்த கருத்தடை மாத்திரை அட்டை ஒன்று அகப்பட்டது. காலாவதியாக இன்னும் நாள் இருக்கிறது. “நல்லதாய்ப் போயிற்று, அதையே சாப்பிடு” என்றார் கணவர், மிச்சமிருக்கும் சோப்பைப் பற்றிச் சொல்வதுபோல.

மார்ச் 6
அட்டையை மருத்துவரிடம் காட்டினேன். “இதில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனும் இருக்கிறது, இப்போது வேண்டாம்” என்றார். அது பால் சுரப்பைக் குறைக்கக்கூடும். பால் கொடுப்பவர்கள் ஆறு மாதம் வரை இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த இந்தக் கூட்டு மாத்திரையைப் பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

“எனக்கு இன்னும் மாதவிலக்கே வரவில்லையே, பால் கொடுப்பதே போதாதா?” என்று கேட்டேன். பதிலுக்கு மூன்று கேள்விகள் வந்தன. மாதவிலக்கு திரும்பவில்லையா? குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லையா? இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும்தானா? மூன்றும் பொருந்தினால்தான் அதை நம்பலாமாம். மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன். நான் தூங்கட்டும் என்று இரவில் அத்தை புட்டிப்பால் கொடுக்கிறார். முதல் மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம் என்பதை இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

புரோஜெஸ்டோஜன் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரையை எழுதிக் கொடுத்தார். கருப்பை வாயின் சளியைக் கெட்டியாக்கி விந்தணுவுக்கு வழி மறிக்கும். பாலில் கலப்பது மிகச் சொற்பம். குழந்தையின் வளர்ச்சியைப் பாதிப்பதில்லை.

மார்ச் 11
அட்டையில் 28 மாத்திரைகள். பழைய அட்டையைப்போல ஏழு நாள் விடுமுறை கிடையாது. இது முடிந்த மறுநாளே அடுத்தது. என்னுடைய வகையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதிக்கக் கூடாது. கடிகாரத்தை மதிக்கவே மதிக்காத ஒரு ஜீவன் மடியில் இருக்கும்போது இப்படி ஒரு விதி! இரவு ஒன்பது என்று வைத்திருக்கிறேன்.

மார்ச் 19
பால் கொடுத்தபடியே எட்டு மணிக்குத் தூங்கிப்போனேன். விழித்தபோது மணி ஒன்று. உடனே ஒன்றை விழுங்கினேன். அடுத்தது வழக்கமான நேரத்தில். இரண்டு நாளைக்கு ஆணுறையும் வேண்டும். கணவர் அதே அலமாரியைக் குடைந்து ஒரு பெட்டியைக் கண்டுபிடித்தார். அது காலாவதியாகியிருந்தது.

ஏப்ரல் 2
திட்டுத் திட்டாக இரத்தக் கசிவு. முதல் சில மாதங்களில் இப்படி இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்தான், எரிச்சல் குறையவில்லை. பால் குறையவில்லை, பாப்பாவும் எடை கூடியிருக்கிறாள். இதே புரோஜெஸ்டோஜன் மாத்திரைகளில் டெசோஜெஸ்ட்ரல் என்ற வகையில் 12 மணி நேரம் வரை தாமதம் தாங்குமாம். அடுத்த முறை அதைக் கேட்கப்போகிறேன். அதுவரை ஒன்பது மணி அலாரம் கணவருடைய கைபேசியில்.